சூப்பர் மார்க்கெட் கொள்முதல் மையம்: தக்காளி விவசாயியின் மதிப்பீடு

ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஒன்று நடத்தும் காய்கறிக் கொள்முதல் மையத்திற்குச் சில பருவங்களாகத் தக்காளி கொடுத்து வருகிறேன். எடையில் குறை சொல்ல இடமில்லை. மின்னணுத் தராசில் நம் கண்முன்னே நிறுக்கிறார்கள். மண்டியில் பிடிக்கும் கமிஷன் இங்கே கிடையாது. பணம் வங்கிக் கணக்கிற்கே வந்துவிடுகிறது. கிலோவுக்குத் தரும் விலையும் பெரும்பாலான நாட்களில் மண்டி விலையைவிடச் சற்றுக் கூடுதல்தான். அப்படியிருந்தும் பருவ முடிவில் கணக்குப் பார்த்தால் கையில் நிற்பது மிகக் குறைவு.

தரம் பிரிக்கும் மேசையில்தான் இழப்பு தொடங்குகிறது. ஒரே அளவும் நிறமும் கொண்ட, கீறல் இல்லாத பழங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகிறார்கள். பறிகூலியும் வண்டி வாடகையும் முழு விளைச்சலுக்கும் நம் பொறுப்பு. திரும்பிய பழத்தை மண்டிக்குக் கொண்டுபோனால், நல்லதும் சுமாருமாகக் கலந்திருந்தால் 14 கிலோ பெட்டிக்குக் கிடைத்திருக்கக்கூடிய விலை இந்தக் கழித்த சரக்கிற்குக் கிடைப்பதில்லை. வியாபாரிகள் பார்த்தவுடனேயே கண்டுகொள்கிறார்கள். மையத்தில் கிலோவுக்குக் கூடுதலாகப் பெற்றது அங்கேயே கரைந்துவிடுகிறது.

எத்தனை கிலோ வேண்டும் என்பதை முந்தைய நாள் மாலை தொலைபேசியில் சொல்கிறார்கள். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் எதுவும் இல்லை. வரத்து பெருகி விலை சரியும் நாட்களில், அதாவது நமக்கு இந்த மையம் மிகவும் தேவைப்படும் நாட்களில், அந்த அளவையும் குறைத்துவிடுகிறார்கள். மண்டி விலையை ஒட்டியே இங்கும் விலை வைப்பதால், நம் சாகுபடிச் செலவு அந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை.

2024-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று, நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் சுமார் 33 காசு மட்டுமே விவசாயியைச் சேர்வதாக மதிப்பிட்டது. இடைத்தரகர் இல்லையென்றால் அந்தப் பங்கு உயரும் என்று நம்பித்தான் இத்தகைய மையங்களை வரவேற்றோம். ஆனால் மண்டிக்காரர் நாற்றுக்கும் உரத்திற்கும் முன்பணம் தருகிறார். எந்தத் தரமானாலும் முழுச் சரக்கையும் இறக்கிக்கொள்கிறார். கமிஷனை நீக்கிய நிறுவனம் இந்த இரண்டு பொறுப்புகளையும் ஏற்கவில்லை. அவை விவசாயியின் தலையிலேயே விழுகின்றன.

கொஞ்சமாகப் பயிரிட்டு, தாமே உட்கார்ந்து விற்க வீட்டில் ஆள் இருப்பவர்களுக்கு, கமிஷன் இல்லாத உழவர் சந்தையே மேல் என்பது என் கருத்து. அதிகப் பரப்பில் பயிரிடுவோர் இந்த மையத்தை மட்டும் நம்பி நடவு செய்யக் கூடாது. கழித்த பழத்தின் எடையையும் காரணத்தையும் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்றும், குறைந்தபட்ச விலையையும் அளவையும் நடவுக்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்றும் மையத்தில் கேட்டிருக்கிறோம்.