யாய்ட்சேயா, திராவ்னிக்கா? காரில்லாமல் போகிறவர்களுக்கு

போஸ்னியா என்றாலே எல்லோரும் மோஸ்தாரைத்தான் கைகாட்டுகிறார்கள். 1566இல் கட்டி, 1993இல் போரில் தகர்ந்து, 2004இல் மறுபடி எழுந்த அந்தப் பாலம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கோடைப் பகலில் அங்கே குரோஷியக் கடற்கரை நகரான துப்ரோவ்னிக்கிலிருந்து வந்திறங்கும் கூட்டத்தில் கணவன் மனைவி கைகோத்து நடக்கக்கூட இடமிருக்காது. ஆகவே காரில்லாமல் தேனிலவுக்கு இரண்டு நாள் தங்க எந்த ஊர் என்றால், போட்டி போஸ்னியாவின் சிற்றூர்களான யாய்ட்சேக்கும் திராவ்னிக்குக்கும். நாங்கள் தங்கியது யாய்ட்சேயில். திராவ்னிக்கில் வழியில் இறங்கிச் சாப்பிட்டோம், அவ்வளவுதான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

திராவ்னிக் சளைத்த ஊரல்ல. ஒட்டோமான் துருக்கியர் காலத்தில் ஏறக்குறைய 150 ஆண்டுகள் போஸ்னியாவை ஆண்ட வசீர்களின், அதாவது சுல்தானின் ஆளுநர்களின், இருப்பிடம். மலைமேல் கோட்டை, கீழே கடைகளும் மேலே தொழுகைக்கூடமுமாக ஒரு வண்ண மசூதி, 1961இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஈவோ ஆந்திரிச் பிறந்த ஊர் என்ற பெருமை. சாப்பாட்டில் அதுதான் ஒரு படி மேல். செவாப்பி என்ற சுட்ட இறைச்சி உருளைகளும் பக்கத்து விளாஷிச் மலைப் பாலாடைக்கட்டியும் அங்கே சாப்பிட்டால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு. சைவம் என்றால் எந்த ஊரிலும் சிர்னிட்சா கேளுங்கள், மெல்லிய மாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டது. புரெக் என்று கேட்டால் உள்ளே இறைச்சி வைத்ததுதான் வரும்.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது இரண்டாம் நாள். முதல் நாளை எந்த ஊரும் நிரப்பிவிடும். திராவ்னிக்கில் கோட்டையும் மசூதியும் முடிந்தபின் அடுத்தது விளாஷிச் மலை. அதற்கு வண்டி வேண்டும். யாய்ட்சேயில் கால் போதும். பிளிவா ஆறு ஊர் நடுவிலேயே சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து வர்பாஸ் ஆற்றில் விழுகிறது. கோட்டை, பாறையைக் குடைந்த நிலவறை, மித்ரா தெய்வத்தின் ரோமானியர் காலக் கோயில், 1943 நவம்பர் 29இல் புதிய யூகோஸ்லாவியாவுக்கு அடித்தளமிட்ட கூட்டம் நடந்த மண்டபம் எல்லாம் நடக்கும் தூரம். 1463இல் ஒட்டோமான்கள் தலைவெட்டிய போஸ்னியாவின் கடைசி அரசர் ஸ்தேபான் தொமாஷெவிச்சுடையது என்று நம்பப்படும் எலும்புக்கூடு பிரான்சிஸ்கன் மடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கிறது. (தேனிலவுக்கு வந்தவர்கள் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.)

மறுநாளுக்குப் பிளிவா ஏரிகள் இருக்கின்றன. ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவில், இரு ஏரிகளுக்கும் நடுவே, ஓடும் நீரின்மேல் கால் ஊன்றி நிற்கும் சின்னச் சின்ன மர ஆலைகள். ஒரு காலத்தில் சுற்றுவட்டார உழவர்கள் தானியம் அரைத்தவை. போக நடை, திரும்ப அலுத்தால் டாக்ஸி. நாள் போவதே தெரியாது. பலர் யாய்ட்சேயில் அருவியைப் படமெடுத்துவிட்டு உடனே கிளம்புகிறார்கள். அதனால் மாலையில் அருவிப் பக்கம் ஊர்க்காரர்கள்தான்.

நாங்கள் போனது இலையுதிர் காலம். பனிக்காலத்தில் விளாஷிச்சில் பனிச்சறுக்கு உண்டு என்பதால், அதற்கென்றே போகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம்.

தலைநகர் சாராயேவோவிலிருந்து யாய்ட்சே போகும் சாலை திராவ்னிக் வழியாகத்தான் போகிறது. அங்கே இறங்கி மதியம் சாப்பிட்டுவிட்டு அடுத்த பேருந்தைப் பிடியுங்கள். அது எத்தனை மணிக்கு என்பதை மட்டும் நிலையத்தை விட்டு வெளியே வருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.