எட்டாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பள்ளி?

என் மகளுக்குப் பெருமூளை வாதம். வகுப்பறைக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். தூரம் என்றால் சக்கர நாற்காலி. பேச்சு மெதுவாக வரும், எழுத்து அதைவிட மெதுவாக வரும், கணக்கு மட்டும் மளமளவென்று போடுவாள். படித்த நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிந்துவிட்டதால், ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன: வீட்டுக்கு அருகிலுள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி, பேருந்து நிலையம் பக்கமுள்ள தனியார் மெட்ரிக் பள்ளி, வீட்டிலிருந்தே படிக்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. அரசுப் பள்ளியில் சேர்த்தோம். காலாண்டுத் தேர்வும் முடிந்துவிட்டது.

பணக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் அந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விருப்பப்பட்ட சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. தலைமையாசிரியரிடம் பேசும்போது கெஞ்ச வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தனியார் பள்ளியில் லிப்ட் இருக்கிறது, வகுப்பில் பிள்ளைகள் குறைவு, முதல்வரும் அன்பாகவே பேசினார். கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்டபோதுதான், “மதியம் நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா” என்றார். எங்கள் முடிவு அந்த இடத்திலேயே உறுதியாகிவிட்டது.

பாடத்திட்டத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் அலசுகிற பெற்றோர் பலர் கழிப்பறையைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். நான் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன். கழிப்பறைக்குப் போக வழியில்லாத பிள்ளை தண்ணீர் குடிக்காது. காலையிலிருந்து மாலை வரை வாயை நனைக்காமல் இருந்தால் தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று ஒவ்வொன்றாக வரும். அதற்காக எடுக்கும் விடுப்பில் பாடம் போகும். பெண் பிள்ளைக்கு இந்த வயதில் மாதவிடாயும் சேர்ந்துகொள்கிறது. நாப்கின் மாற்ற முடியாத பள்ளிக்கு மாதத்தில் சில நாள் போகவே முடியாது.

எனவே அளவு நாடாவோடு போங்கள். கதவைத் திறந்த பிறகு கிடைக்கும் வழி 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால் நாற்காலி உள்ளே போனபின் அதைச் சாத்த முடியாது. உள்ளே நாற்காலி முழுவதும் திரும்ப 150 சென்டிமீட்டராவது வேண்டும். மேற்கத்திய பீங்கானும் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியும் வேண்டும். சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் ஓட வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் அது படிக்கட்டுக்குச் சமம்.

அரசுப் பள்ளியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று கழிப்பறை கட்டியிருந்தார்கள். ஆனால் பூட்டிக் கிடந்தது. உள்ளே உடைந்த பெஞ்சுகளும் துடைப்பங்களும். தலைமையாசிரியை அன்றே காலி செய்யச் சொன்னார். கதவை வெளிப்பக்கம் மாற்றிப் போடவும் கம்பி பதிக்கவும் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டார்கள். பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் குழு என்பதால் நம் குரல் அங்கே எடுபடும். துணைக்கு வர, ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒப்புக்கொண்டார். அதற்குத் தனியாக ஒரு தொகையைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் தருகிறது. தோழிகள் தலையில் இந்த வேலையைக் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. தோழிகள் தோழிகளாகவே இருக்கட்டும்.

பள்ளி திறக்குமுன் அந்த அக்காவை வீட்டுக்கு அழைத்துப் பழக்கினேன். முதலில் நாற்காலியின் பிரேக். பிறகு பிள்ளைக்கு நேர் எதிரே நின்று, அவள் முழங்காலுக்கு நம் முழங்காலை முட்டுக் கொடுத்து, இடுப்பைப் பிடித்து எழுப்பித் திருப்ப வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடக்கூடும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் என் மகளே சொல்லப் பழகியதுதான் இதில் முக்கியம். ஆள் மாறினாலும் அவளால் சமாளிக்க முடியும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விலக்கு எங்களுக்கு வேண்டாம், எழுதுபவர் வேண்டும். ஆனால் விடையை வாயால் சொல்லி எழுதவைப்பது தனிப் பயிற்சி. கணக்கில் எந்த வரி எங்கே முடிகிறது, அடைப்புக்குறி எங்கே தொடங்குகிறது என்றெல்லாம் சொல்லத் தெரிய வேண்டும். ஆகவே ஒன்பதாம் வகுப்பின் வகுப்புத் தேர்வுகளிலிருந்தே எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை எழுதவைக்கிறார்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வரும் நாளில் பக்கத்திலிருந்து திருத்துகிறார். அவர் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியிருப்பதால் தினமும் எதிர்பார்க்க முடியாது.

திறந்தநிலைப் பள்ளியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஐந்து பாடம் போதும், ஐந்தாண்டுக்குள் ஒன்பது முறை தேர்வெழுத வாய்ப்புண்டு. கணக்கைக் கட்டாயம் எடுக்க வேண்டியதில்லை. தெரிந்தவர் ஒருவரின் ஆட்டிசம் உள்ள மகனுக்கு இரைச்சலான வகுப்பறை ஒத்துவரவில்லை. இந்த வழியில் நிம்மதியாகப் படிக்கிறான். நான் நெருங்கிப் பார்த்தது அந்த ஒரு வீட்டைத்தான், அதனால் இதற்குமேல் அடித்துச் சொல்ல மாட்டேன். என் மகளுக்குப் பேச ஆள் வேண்டும், வீட்டில் நான் மட்டும் போதாது. பார்வைக் குறைபாடோ செவிக் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்குப் பிரெய்லும் சைகை மொழியும் தெரிந்த ஆசிரியர்கள்தான் முதல் தேவை. பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான அரசுப் பள்ளி போன்ற சிறப்புப் பள்ளிகளை அவர்கள் முதலில் பார்க்கலாம்.

அரசுப் பள்ளியில் இன்னும் தீராத ஒன்று, கணினி ஆய்வகம் மாடியில் இருப்பது. அவள் பதினொன்றில் கணிதமும் கணினி அறிவியலும் எடுக்க ஆசைப்படுகிறாள். கீழ்த்தளத்து அறை ஒன்றில் இரண்டு கணினிகளை இறக்கிவைக்கக் கேட்டு, அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன்.