ஐம்பது மில்லிமீட்டர் வில்லையில் மங்கிய விண்மீன் மண்டலங்கள்: சீஸ்டார் எஸ்50 மதிப்புரை

விண்மீன் மண்டலங்களை (கேலக்ஸிகளை) படமெடுக்க வேண்டுமானால் பெரிய ஆடி, கனத்த தாங்கி, வழிகாட்டும் கேமரா, இவற்றையெல்லாம் இணைக்க ஒரு மடிக்கணினி என எல்லாமே வேண்டும் என்பதுதான் நான் நெடுங்காலமாகக் கேட்டுவந்த அறிவுரை. 2023இல் வெளிவந்த சீஸ்டார் எஸ்50 என்னும் தானியங்கித் தொலைநோக்கி, இந்த வேலைகள் அனைத்தையும் சுமார் இரண்டரைக் கிலோ எடையுள்ள ஒரே கருவிக்குள் அடக்கித் தருகிறது. நிலாவையும் ஓரியன் நெபுலாவையும் அது நன்றாகக் காட்டும் என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதனால் பிப்ரவரி முதல் மே வரை, சிம்மமும் கன்னியும் உச்சிக்கு வரும் மாதங்களில், விண்மீன் மண்டலங்களை மட்டுமே அதற்குக் கொடுத்துப் பார்த்தேன்.

வில்லையின் விட்டம் 50 மி.மீ., குவியத் தொலைவு 250 மி.மீ. உள்ளே இருப்பது சோனியின் ஐஎம்எக்ஸ்462 சென்சார். படத்தின் அளவு 1080 x 1920 பிக்சல். முக்காலியில் வைத்துச் சமநிலை பார்த்துக் கைப்பேசியில் இலக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். கருவி தானே ஒரு படமெடுத்து, அதில் தெரியும் நட்சத்திரங்களின் அமைப்பைத் தன்னிடமுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டு, இலக்கைச் சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. கண்ணுக்கே தெரியாத பொருளைத் தேடி ஓர் இரவு முழுவதையும் தொலைத்தவர்களுக்கு இந்த ஒரு வசதியின் அருமை புரியும்.

நான் முதலில் எடுத்தது எம்51, அதாவது பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியேயின் பட்டியலில் 51ஆம் பொருள். அவர் 1773இல் கண்டறிந்த இந்த மண்டலத்தின் சுருள் வடிவத்தை, 1845இல் அயர்லாந்து வானியலாளர் ரோஸ் பிரபு 72 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியில்தான் முதன்முதலாகப் பார்த்து வரைந்தார். கருவி பத்து விநாடிப் படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். என் திரையில் முதல் பத்து விநாடிப் படத்தில் தெரிந்தவை இரண்டு மங்கலான திட்டுகள் மட்டுமே. பத்து நிமிடங்களில் பெரிய திட்டைச் சுற்றிக் கைகள் பிரிந்தன. ஒரு மணி நேரத்தில், அருகிலுள்ள சிறிய துணை மண்டலமான என்ஜிசி 5195ஐ நோக்கி நீளும் கை தெளிவாகத் துலங்கியது. மூன்று இரவுகளில் சேர்த்த ஆறு மணி நேரப் படங்களை ஒன்றாக அடுக்கிய பிறகுதான், அந்தத் துணை மண்டலத்தைச் சூழ்ந்திருக்கும் புகைபோன்ற ஒளி பின்னணியிலிருந்து மெல்லப் பிரிந்து வந்தது. அடுக்கும் படங்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால்தான் இரைச்சலோடு (படத்தில் தாறுமாறாகத் தோன்றும் புள்ளிகளோடு) ஒப்பிட்ட ஒளியின் தெளிவு இரண்டு மடங்காகும். ஆகவே ஒரு மணி நேரப் படத்துக்கும் இரண்டு மணி நேரப் படத்துக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்று சோர்ந்துவிடாமல், ஒரே இலக்குக்குப் பல இரவுகளை ஒதுக்குமாறு வாங்குபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டியலில் உள்ள ஒளிப்பொலிவு எண்ணை மட்டும் நம்பக் கூடாது. எம்101இன் எண் ஏறக்குறைய 7.9, எம்51இன் எண் 8.4. இந்த எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் என்பதால், எண்ணைப் பார்த்தால் எம்101தான் பிரகாசமானது. ஆனால் அதன் ஒளி கிட்டத்தட்ட முழுநிலாவின் அளவுக்குப் பரந்து கிடப்பதால், ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் பங்கு மிகக் குறைவு. ஒளி மாசுள்ள வானத்தில் அதன் வெளிக் கைகள் பின்னணிக்குள் கரைந்துபோயின; இருண்ட வானத்தின்கீழ், அதே கருவியில் அதில் பாதி நேரத்துக்குள் அவை தெரிந்தன. கருவிக்குள்ளேயே ஒரு இரட்டைப் பட்டை பில்டர் இருக்கிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உமிழும் குறிப்பிட்ட நிறங்களை மட்டும் விடுவதால் நெபுலாக்களுக்கு அது மிக நன்று. விண்மீன் மண்டலங்களின் ஒளியோ கோடிக்கணக்கான நட்சத்திரங்களிலிருந்து எல்லா நிறங்களிலும் வருவது. அங்கே இந்த பில்டர் வேண்டிய ஒளியையே தடுத்துவிடும். அதை நீக்கிவிட்டு, நிலா இல்லாத இரவுக்காகக் காத்திருப்பதே வழி.

குறைகளையும் சொல்ல வேண்டும். தாங்கி மேல்-கீழ், இடம்-வலம் என்னும் இரண்டு அச்சுகளில் மட்டும் நகர்வதால், வானம் சுழலும்போது சட்டத்துக்குள் இலக்கும் சுழல்கிறது. நீண்ட நேரம் எடுத்தால் மூலைகளில் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் ஓரங்களை வெட்ட வேண்டியிருக்கும். உச்சிக்கு அருகில் இந்தச் சுழற்சி மிக வேகமானது. இலக்கு கிழக்கிலோ மேற்கிலோ நடு உயரத்தில் இருக்கும்போது எடுத்தவையே என் நல்ல படங்கள். பிற்பாடு வந்த மென்பொருள் மேம்பாட்டின்படி, கருவியை வானின் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைத்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது. அதற்குச் சாய்வைத் தாங்கக்கூடிய உறுதியான முக்காலி வேண்டும்.

மற்றொரு எல்லை, படத்தின் நுணுக்கம். ஒரு பிக்சல் ஏறத்தாழ 2.4 வில்விநாடி (ஒரு பாகையில் 60 வில்நிமிடம், ஒரு வில்நிமிடத்தில் 60 வில்விநாடி) என்பதால், 11 வில்நிமிட நீளமுள்ள எம்51 படத்தில் 270, 280 பிக்சல்களுக்குள் அடங்கிவிடுகிறது. அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட நினைப்பவர்களுக்கு இக்கருவி ஏற்றதன்று. அதற்கு மாறாக, சிம்ம ராசியிலுள்ள எம்65, எம்66, என்ஜிசி 3628 என்னும் மூன்று மண்டலங்களும் ஒரே சட்டத்தில் அமைந்த படம் எனக்கு முழு நிறைவைத் தந்தது. பக்கவாட்டில் தெரியும் மூன்றாவதன் குறுக்கே ஓடும் தூசிப் பட்டைகூட அதில் தெளிவாக விழுந்திருந்தது.

கருவியே அடுக்கித் தரும் படம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனாலும் தனித்தனிப் படங்களையும் சேமிக்கும் அமைப்பை முதல் நாளே இயக்கிவிடுங்கள். நான் அதைக் கவனிக்காமல் விட்டதால், எம்106ஐ எடுத்த இரண்டு இரவுகளைப் பின்னர் ஒன்றாகச் சேர்க்க முடியாமல் போயிற்று. அடுத்த வசந்தத்தில் அதை மீண்டும் தொடங்க இருக்கிறேன்.