கருப்பை கழுவும் குழாய்: மீண்டும் பயன்படுவதா, ஒருமுறைக்கானதா?

ஒரு பெண் குதிரையின் கருவை எடுத்து வேறொரு குதிரையின் கருப்பையில் வளர்க்கும் குதிரைக் கருமாற்றத்தில், சினைமுட்டை வெளிவந்த 7 அல்லது 8ஆம் நாளில், கருவைத் தரும் கொடைக் குதிரையின் கருப்பைக்குள் குழாயைச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் சுமார் 1 லிட்டர் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை விட்டு வடிக்கிறோம். திரும்பி வரும் கரைசல் 75 மைக்ரான் வலைவடிகட்டியில் கருவை விட்டுச் செல்கிறது.

ஒருமுறை மட்டும் பயன்படும் குழாய்த் தொகுப்பை உறையைப் பிரித்தவுடன் பயன்படுத்தலாம். ஆனால் கரு கிடைக்காத நாளிலும் அதன் விலை போய்விடுகிறது. சிலிக்கோன் குழாயை ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரி செல்சியஸில் கிருமிநீக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். அதற்கு உழைப்பு தேவை: பயன்படுத்திய உடனே, சளி உலர்வதற்கு முன், உட்புறம் முழுவதும் கழுவப்பட வேண்டும், சோப்பின் மிச்சம் கருவுக்கு நஞ்சாகும் என்பதால் இறுதியாகக் காய்ச்சி வடித்த நீரைப் பலமுறை ஓடவிட வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் ஐந்தடி நீளக் குழாயின் உள்ளே துளிகள் எளிதில் காய்வதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அவை மணி மணியாகத் தெரியும். அவை நீங்கும் வரை தொங்கவிடுவதே சரி.

ஆண்டுக்குப் பலமுறை கழுவுபவர்கள் சிலிக்கோன் குழாயையே வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து. வடிகட்டியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சளி அடைத்த பழைய வலை நிரம்பி வழிந்தால், கரு தரையில் போய்விடும்.

பந்தயங்களில் ஓடும் தாரோபிரெட் இனத்தில் கருமாற்றக் குட்டிகள் பதிவு பெறுவதில்லை. ஆகவே இக்கணக்கு மார்வாரி, கத்தியவாரி போன்ற இனங்களை வளர்ப்போருக்கே பயன்படும்.