செங்கோட்டை மலைப்பாதை என் வீட்டில்: ஒன்பது வருஷ ரயில் மாடல் அனுபவம்

என் லேஅவுட்டை, அதாவது பலகை மேல் நான் கட்டிய குட்டி ரயில் பாதையை, பார்க்க யார் வந்தாலும் முதலில் குனிந்து, விரல் நீட்டிப் பாலத்தின் கண்களை (வளைவுகளை) எண்ணுவார்கள். செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையில் உள்ள கழுதுருட்டிப் பாலத்துக்குப் பதிமூன்று கண். கொல்லம் ரோட்டில் போய்வருகிற எவருக்கும் அது மனப்பாடம். முதலில் கட்டியபோது பலகையில் இடம் போதாமல் ஏழு கண்ணோடு நிறுத்தியிருந்தேன். ரயில்வேயில் கீமேனாக (பாதையோடு நடந்து தண்டவாளத்தைச் சோதிப்பவராக) இருந்து ஓய்வுபெற்ற பக்கத்துத் தெரு அண்ணாச்சி எண்ணி முடித்துவிட்டு, "தம்பி, மிச்சம் ஆறு கண்ணு எங்கடே?" என்றார். அன்று ராத்திரியே பிரித்துவிட்டேன். இப்போது பதிமூன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணும் இருக்க வேண்டிய அளவைவிட ஒடுங்கியதுதான். அதை ஒருவரும் குறை சொன்னதில்லை.

2016-இல் ஆரம்பித்தேன். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் 1904 முதல் ஓடிய மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010-இல் நின்றுபோனது. மலை முழுக்க அகலப்பாதையில் ரயில் ஓடியது 2018-இல்தான். நடுவில் அந்த எட்டு வருஷம் மலையில் ரயில் சத்தமே இல்லை. பகவதிபுரம், ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை என்று சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போன பெயர்களை வீட்டிலாவது ஓடவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அளவு முடிவு செய்யவே மூன்று மாதம் போயிற்று. உலகத்தில் அதிகம் கிடைப்பது ஹெச்ஓ என்கிற மாடல் அளவு. 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஆனால் அது 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். அதனால் ஹெச்ஓ தண்டவாளத்தில் நம்மூர் அகலப்பாதை வண்டியை நிறுத்தினால் கால் ஒடுங்கித் தெரியும். மீட்டர் கேஜுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 1000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. டிடி என்கிற இன்னொரு அளவில் 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது. அந்தத் தண்டவாளத்தையும், அந்த அளவில் பழைய டீசல் இஞ்சின் ஒன்றையும் வாங்கி, அதன் அடிப்பாகத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட் வெட்டி, மீட்டர் கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் இஞ்சினின் உடம்பு கட்டினேன். படிக்கட்டும் கைப்பிடியும் கிடார் கம்பி. கடையில் கிடைக்காத வண்டியை இப்படிக் கட்டி எடுப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்த பகுதி.

பலகை விஷயத்தில்தான் அதிகம் பட்டேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். செங்கோட்டையில் ஜூன் வந்தால் கணவாய்க் காற்றும் சாரலும். துணி காயவே மூன்று நாள் ஆகும். நான் முதலில் போட்டது எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை. முதல் சாரலிலேயே ஓரம் ஊதிவிட்டது. அப்புறம் பிளைவுட் போட்டேன். அடியில் பெயின்ட் அடிக்கவில்லை. மழையில் ஈரம் குடித்து விரிந்தது, ஏப்ரலில் காய்ந்து சுருங்கியது. தண்டவாளம் சுருங்காதே! ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால் ஆரியங்காவு ஸ்டேஷன் முன்னால் பாதை வில்லாக வளைந்து கிடந்தது. இப்போது இருப்பது 12 மி.மீ. மெரைன் பிளை, ஈரம் தாங்கும் பிளைவுட். மேல், கீழ், ஓரம் என்று ஆறு பக்கமும் இரண்டு கோட் பெயின்ட். தண்டவாளம் சேருமிடத்தில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டிருக்கிறேன். ஐந்து வருஷமாக ஒரு வளைவும் இல்லை.

மண் எல்லாம் உள்ளூர்தான். ஜல்லிக்குக் கிரஷர் பவுடரைச் சலித்தேன். பரப்புவதற்கு முன் காந்தத்தை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். இரும்புத்தூள் இருந்தால் இஞ்சின் மோட்டாரில் உள்ள காந்தம் இழுத்துக்கொள்ளும். நான் அதைச் செய்யாமல் விட்டு ஒரு மோட்டாரை இழந்தேன்.

ஏற்றம் இன்னொரு கதை. ஒரு மீட்டர் நீளத்துக்கு 4 செ.மீ. ஏறும்படி வைத்திருந்தேன். நாலு பெட்டி மாட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். 3 செ.மீ. ஆகக் குறைத்தும் ஐந்தாவது பெட்டிக்கு மூச்சு வாங்கியது. அண்ணாச்சி அதையும் பார்த்தார். "பின்னால பேங்கர் இல்லாம இந்த மலையில என்னைக்குடே வண்டி ஏறிச்சு?" என்றார். மீட்டர் கேஜ் காலத்தில் நிஜப் பாதையிலும் பின்னால் ஒரு இஞ்சின், அதுதான் பேங்கர், தள்ளித்தான் வண்டி மலையேறியது. அதே அடிப்பாகத்தில் இரண்டாவது ஒய்டிஎம்-4 கட்டினேன். உடனே சரியாகிவிடவில்லை. பின்னால் உள்ளது கொஞ்சம் வேகமாக இருந்ததால், வளைவில் நடுப்பெட்டியைத் தள்ளிக் கவிழ்த்தது. தூண்டில் ஈயக்குண்டுகளைப் பெட்டிகளின் அடியில் ஒட்டிக் கனம் ஏற்றினேன். வேகமான இஞ்சினை முன்னால் மாற்றினேன். அதன் பிறகு ஆறு பெட்டி ஏறுகிறது. பதிமூன்று கண் பாலத்தின் மேல் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக வண்டி மெல்லப் போவதை முதல் தடவை பார்த்த அண்ணாச்சி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பராமரிப்பு என்றால் தண்டவாளம் துடைப்பதுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். சாரல் காலத்தில் வாரம் இரண்டு தடவை. உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், கீறலில் அழுக்கு உட்கார்ந்துகொள்ளும்.

மொத்த லேஅவுட்டும் 120-க்கு 45 செ.மீ. அளவில் நாலு பலகை. போல்ட் கழற்றினால் ஒரு லோடு ஆட்டோவில் ஏறிவிடும். இதுதான் நான் செய்ததிலேயே நல்ல முடிவு என்று நினைக்கிறேன். அறையோடு சேர்த்து ஒரே பெரிய பலகையாகக் கட்டியிருந்தால் என் வீட்டார் மட்டும் பார்த்திருப்பார்கள். பலகைகள் சேருமிடத்தில் தண்டவாள முனையைப் பித்தளைத் திருகின் தலையில் சால்டர் வைத்துப் பிடித்திருக்கிறேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு பயணத்திலும் பிய்ந்துவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் ஓட்டிக் காட்டினோம். பிள்ளைகள் மலையாளத்தில் கண் எண்ண, அண்ணாச்சி தமிழில் பேங்கர் விளக்கம் சொல்ல, இரண்டு தரப்புக்கும் எல்லாம் புரிந்தது. செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர்தானே. பேரனைக் கூட்டிவந்த ஒரு ஆச்சி ஆரியங்காவு பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காய்கறிக் கூடையோடு இந்த வண்டியில் வருஷக்கணக்காகப் போனவராம். "எல்லாம் சரிதான் ஐயா, கூடைக்காரி ஒருத்தியும் இல்லையே" என்றார்.

இரண்டு செ.மீ.கூட இல்லாத ஆளுக்குத் தலையில் கூடை பின்னத் தென்னை நார் தடிமனாக இருக்கிறது. அதனால் பழைய ஒயரைப் பிரித்து, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியில் பின்னிக்கொண்டிருக்கிறேன். மூன்று கூடை முடிந்துவிட்டது.