தானாகக் கீழே இறங்கும் மைக்ராஸ்கோப்பும் என் மூன்று நோயாளிகளும்

போன வாரம் மைக்ராஸ்கோப்பை ரிப்பேருக்குக் கொண்டுபோனேன். ஆய்வகக் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒருவர், நான் நின்றுகொண்டிருக்கும்போதே பெரிய ஃபோகஸ் திருகுக்குப் பின்னால் இருந்த ஒரு வளையத்தைப் பிடித்து இறுக்கினார். "அவ்வளவுதான் சார்" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த வளையம் தளர்ந்திருந்ததால் நான்கு வருடமாக ஸ்லைடு வைக்கும் மேடை தன் எடைக்குத் தானே மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கூட வந்த கையேட்டில் லென்ஸை எப்படித் துடைப்பது என்று முழுதாக ஒரு பக்கம் உண்டு. இந்த வளையத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்னும் கோபம் வரும்.

அதே வாரம் நண்பன் போன் செய்தான். அவனுடைய கடல்நீர்த் தொட்டியில் ஒரு க்ளவுன் மீன் நாள் முழுக்க வேவ்மேக்கருக்கு (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) எதிரே முகத்தை வைத்து நிற்கிறதாம். லைட் போட்டால் பாறைக்குப் பின்னால் ஓடுகிறதாம். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. "நானும் உன்னை மாதிரி ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில்தான் இது, கொஞ்சம் நீளமாக.

என்னுடைய மைக்ராஸ்கோப் பள்ளி மாணவர்களுக்கான சாதாரண மாடல். 4, 10, 40, 100 என்று நான்கு லென்ஸ். மீன் நோய்க்கு முதல் இரண்டு போதும். கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸோடு பெருக்கினால் 40 மடங்கு, 100 மடங்கு. எண்ணெய் விட்டுப் பார்க்கும் நூறு லென்ஸ் இன்றுவரை புதுசாகவே இருக்கிறது. 40 லென்ஸ் ஒரு முறை உப்புத் தண்ணீரில் முங்கியது, அதோடு அதன் கதை முடிந்தது.

முதல் மாதம் எல்லாமே ஒட்டுண்ணியாகத்தான் தெரியும். கறுப்பு விளிம்போடு கச்சிதமான வட்டம் தெரிந்தால் அது காற்றுக் குமிழி. நட்சத்திரம் மாதிரி கிளைவிட்டிருப்பது மீன் தோலின் நிறமி செல். மர வளையம் போலக் கோடு கோடாக இருப்பது செதில். இந்த மூன்றுக்கும் நான் மருந்து ஊற்றாமல் தப்பித்தது மீன்களின் அதிர்ஷ்டம். யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம் என்று நினைத்த இன்னும் இரண்டு விஷயம்: மீன் உடம்பிலிருந்து சுரண்டி எடுத்த வழும்பின் மேல் தொட்டித் தண்ணீரைத்தான் விட வேண்டும், உப்பில்லாத நல்ல தண்ணீர் விட்டால் பார்க்க வேண்டிய உயிரியே வெடித்துப்போகும். அப்புறம், மேடைக்குக் கீழே வெளிச்சத்தைக் குறைக்கும் துவாரத்தை முக்கால்வாசி மூடுங்கள். இவை கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுபவை. வெளிச்சம் கூடினால் ஒன்றுமே தெரியாது.

என் முதல் நோயாளியும் ஒரு க்ளவுன்தான். உடம்பில் வெள்ளை வெள்ளையாக வழும்பு உரிந்து தொங்கியது, மூச்சு வாங்கியது, மேல்மட்டத்திலேயே மிதந்தது. கேட்டவர்கள் எல்லோரும் வெள்ளைப்புள்ளி நோய் என்று அடித்துச் சொன்னார்கள். காப்பர் மருந்தை அளந்தே வைத்துவிட்டேன். செவுள் மூடிக்குப் பின்னாலிருந்து வாலை நோக்கி கவர் ஸ்லிப் (ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடி) விளிம்பால் மெதுவாக ஒரு இழுப்பு இழுத்து, ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைப்புள்ளியாக இருந்தால் பெரிய, இருண்ட உருண்டை ஒன்று சோம்பேறித்தனமாகச் சுழன்றுகொண்டிருக்கும். நான் பார்த்தது அது இல்லை. சின்னச் சின்ன இதய வடிவங்கள் வழுக்கிக்கொண்டே போயின, ஒன்றல்ல, ஒரு கூட்டம். ப்ரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி. காப்பர் இதற்குக் கேட்காது. ஃபார்மலின் குளியல் வேண்டும். நானும் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, காற்றுக்கல்லை முழு வேகத்தில் ஓடவிட்டு அதைச் செய்தேன். மீன் பிழைத்தது. அன்று ராத்திரி இந்த இயந்திரத்தைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் அந்த ராத்திரியிலும் மேடை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. இடது கை திருகை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும், வலது கை ஸ்லைடை நகர்த்த வேண்டும். விவரம் தெரிந்தவர்களிடம் காட்ட வீடியோ எடுக்கலாம் என்றால் போனைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. திருகை விட்டேனோ, பத்து விநாடியில் எல்லாம் மங்கலாகிவிடும். மீன் செத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பத்து விநாடி மனிதனை என்ன பாடு படுத்தும் என்று கையேடு எழுதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது, மஞ்சள் டேங் மீன். பாறையில் போய் உடம்பை உரசும், தலையை உதறும், அடிக்கடி வாயைப் பிளக்கும். மூன்று முறை சுரண்டிப் பார்த்தேன், ஸ்லைடு சுத்தம். கடைசியில் கறுப்பு வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து, சூட்டையும் பிஹெச் அளவையும் தொட்டிக்குச் சமமாக்கி, காற்று விட்டு, ஐந்து நிமிடம் மீனை உள்ளே விட்டேன். வாளியின் அடியில் வெள்ளை எள் தூவினது போல ஃப்ளூக் என்ற ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்கள் விழுந்து கிடந்தன. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. இத்தனை லென்ஸும் செய்யாததை ஒரு வாளி செய்துவிட்டது. இதைச் சொல்லாமல் மைக்ராஸ்கோப்பைப் புகழ்ந்தால் நியாயமில்லை.

மூன்றாவதுதான் நண்பனின் மீன் மாதிரியே. வேவ்மேக்கரின் நீரோட்டத்துக்குள் மூக்கை நுழைத்து நின்றது. வேகமான நீரில் நின்றால் செவுளுக்குக் கொஞ்சம் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்கும், அதனால்தான் அங்கே நிற்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உடம்பைச் சுரண்டினேன், ஒன்றுமில்லை. ஒன்றுமில்லையே என்று ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன். மறுநாள் மீன் போய்விட்டது. செத்த உடம்பை விட்டு ஒட்டுண்ணி சீக்கிரம் கழன்றுவிடும் என்பதால் உடனே செவுளிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன். இழைகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் பேரிக்காய் வடிவம், அசையாமல் ஒட்டிக்கொண்டு, எண்ண முடியாத அளவுக்கு. வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். இது பெரும்பாலும் செவுளில்தான் முதலில் உட்காரும். தோலில் தூசி மாதிரி தெரிவதற்குள் மீனே இருக்காது. மீதி மீன்களை அன்றே தனி டேங்குக்கு மாற்றி காப்பர் கொடுத்தேன். பெரிய தொட்டி ஆறு வாரம் மீனில்லாமல் கிடந்தது. அந்த ஒரு நாள் நிம்மதியைக் கொடுத்தது இந்த இயந்திரம்தான், அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இன்னொன்று. எல்லா விநோத நடத்தையும் நோயில்லை. சின்ன க்ளவுன் பெரியதன் முன்னால் உடம்பைக் கிடுகிடுவென நடுக்கினால் அது வலிப்பில்லை, வீட்டம்மாவுக்குப் பணிகிறது. அதைக்கூட ஒரு முறை வலையில் பிடித்துச் சுரண்டப் பார்த்தேன்.

உப்பு பற்றிச் சுருக்கமாக: ஸ்லைடைப் பிடிக்கும் கவ்விகள் இரண்டாவது வருடமே துரு. கசிந்த துளி காய்ந்து மேடைக்குக் கீழே உள்ள லென்ஸில் படிகமாகும். ஒவ்வொரு முறையும் முதலில் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி.

சரி, நண்பனுக்கு என்ன சொன்னேன்? வாங்காதே என்றேன். அவன் மீனுக்கு லென்ஸ் வந்து சேரும் வரை நேரமில்லை. இப்போதே தனி டேங்குக்கு மாற்று, காற்று விடு, வெல்வெட் என்றே வைத்துக்கொண்டு காப்பரை ஆரம்பி, டெஸ்ட் கிட் வைத்து அளந்து கொடு என்றேன். அந்தக் காசில் இன்னொரு தனி டேங்கும் நல்ல ஹீட்டரும் வாங்கினால் அதிக மீன் பிழைக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மீனை மாற்றிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கே வந்து நின்றான். மற்ற இரண்டு மீன்களையும் பார்த்துவிடலாமாம், இரவல் வேண்டுமாம். துண்டில் சுற்றிக் கொடுத்தேன், திருகை ஒரு முறை விட்டுக் காட்டினேன், மேடை நின்ற இடத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பி வர வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். வாசல் வரை போய்த் திரும்பி, கையேடு இருக்கிறதா என்று கேட்டான். ரிப்பேர் முடிந்த அன்றே கிழித்துப் போட்டுவிட்டேன் என்றேன்.