பீட்டாமேக்ஸா, வி.எச்.எஸ்.ஸா: தோற்றது எதனால்?

வீட்டில் வீடியோ பதியவும் பார்க்கவும் வந்த, ஒன்றின் கேசட் இன்னொன்றில் ஓடாத இரண்டு முறைகள் பீட்டாமேக்ஸும் வி.எச்.எஸ்.ஸும். 'பீட்டாமேக்ஸ்தான் தரமானது, மட்டமான வி.எச்.எஸ். ஜெயித்துவிட்டது' என்று பழைய வீடியோ பிரியர்கள் இன்றும் புலம்புவார்கள். அதில் பாதிதான் உண்மை.

1975-இல் சோனி பீட்டாமேக்ஸை இறக்கியபோது ஒரு கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியலாம். படம் பளிச்சென்று இருக்கும், சரி; முழு சினிமா அடங்காதே! அடுத்த ஆண்டு ஜே.வி.சி. கொண்டுவந்த வி.எச்.எஸ். கேசட் அளவில் பெரிசு. உள்ளே நாடா அதிகம், அதனால் இரண்டு மணி நேரம் பிடித்தது. சோனியும் விடவில்லை. நொடிக்கு 4 செ.மீ. ஓடிய நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு அதே இரண்டு மணி நேரத்தை எட்டிவிட்டது. ஆனால் வேகம் குறைந்தால் தெளிவும் குறையும். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் ஓடியது இந்த மெதுவான பீட்டாதான். எந்தத் தரத்துக்காகப் புலம்புகிறார்களோ, அதை நேரத்துக்காக விட்டுக்கொடுத்ததே சோனிதான். அதற்குள் 1977-இல் அமெரிக்க நிறுவனமான ஆர்.சி.ஏ. நான்கு மணி நேரம் பதியும் வி.எச்.எஸ். கருவியோடு வந்துவிட்டது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்று முழுசாக அடங்கும்.

கூட்டாளிகள் விஷயத்திலும் சோனிக்கு இறக்கம்தான். தோஷிபா, சான்யோ போன்ற சிலர் அதன் பக்கம். மாட்சுஷிட்டா, ஹிட்டாச்சி, ஷார்ப், மிட்சுபிஷி எல்லாம் வி.எச்.எஸ். பக்கம். இத்தனை பேர் போட்டி போட்டால் விலை இறங்கத்தானே செய்யும்? கருவி அதிகம் விற்றது எதுவோ, அதன் கேசட்டைத்தான் வாடகைக் கடைக்காரர் வாங்கி அடுக்குவார். 1988-இல் சோனியே வி.எச்.எஸ். கருவி விற்கத் தொடங்கியது.

பின்னாளில் டி.வி.டி.க்கு அடுத்த தட்டு எது என்று சோனி பக்கத்து புளூ-ரேயும் தோஷிபா பக்கத்து எச்.டி. டி.வி.டி.யும் போட்ட சண்டை சீக்கிரமே முடிந்தது. இந்த முறை சோனி உஷார். தன் வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷன் 3-க்குள்ளேயே புளூ-ரேயை வைத்துவிட்டதால், விளையாட வாங்கியவர் வீட்டிலெல்லாம் அது தானாக நுழைந்தது. மைக்ரோசாஃப்ட்டின் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸ் 360-இல் எச்.டி. டி.வி.டி. பார்க்க, தனி டிரைவ் வாங்கி மாட்ட வேண்டும். 2008 ஜனவரியில் ஹாலிவுட் பட நிறுவனமான வார்னர் புளூ-ரே பக்கம் சாய்ந்தது; அடுத்த மாதமே தோஷிபா எச்.டி. டி.வி.டி. கடையைக் கட்டியது.

அப்படியானால் நேரமும் கூட்டாளிகளும்தான் எல்லாமா என்றால், குறுக்கே வி.சி.டி., அதாவது சி.டி. தட்டில் பதிந்த வீடியோ, வந்து நிற்கிறது. ஒரு தட்டில் 74 நிமிடம். வேகமான சண்டைக்காட்சி வந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். தெளிவில், லேசர் டிஸ்க் என்ற பெரிய வீடியோ தட்டின் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனாலும் ஆசியாவில் வீடு வீடாகப் போனது வி.சி.டி.தான். தட்டும் மலிவு, பிளேயரும் மலிவு. தமிழ்ப் படம் என்றால் இரண்டு, மூன்று தட்டுகள். எப்படியும் இடைவேளை என்று ஒன்று உண்டே, எழுந்து போய்த் தட்டை மாற்றுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.